டேபிள் வியூவில் தேர்வு தாவிப் போகிற பிரச்சினைக்கு

அண்ணாச்சி, உங்க பத்தமடைப் பாய் ஆர்டர் ஆப்பில் புது ஆர்டர் வந்ததும் ஐபேடில் தேர்ந்த வரி கலைந்துபோகுது, சில நேரம் வலப்பக்கம் வேற ஆளோட விவரம் நிக்குதுன்னு கேட்டிருந்தீங்க. இரண்டும் தனித்தனிப் பிழை.

தேர்வு கலைவது ரீலோட்டேட்டாவால், அதாவது பட்டியலை முழுசா மறுபடி ஏற்றுகிற கட்டளையால். அதைக் கூப்பிட்டாலே டேபிள் வியூ (ஆர்டர்களை வரிவரியாகக் காட்டுகிற பட்டியல்) பழைய தேர்வை அழித்துவிடும்.

இரண்டாவதுதான் ஆபத்து. நீங்க இன்டெக்ஸ்பாத்தை, அதாவது வரி எத்தனையாவதுங்கிற எண்ணை, நினைவில் வைத்திருக்கீங்க போல. மேலே ஒரு ஆர்டர் நுழைந்ததும் அதே எண்ணில் வேற ஆள் வந்துவிடுவார். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்து கொடுக்கிற தொழில் இது. பெயர் மாறி நெய்தால் அந்தப் பாயை என்ன செய்ய? அதனால் ஆர்டரின் ஐடியை மட்டும் வைத்துக்கொள்ளுங்க. ரீலோட் ஆனபின் அந்த ஐடி இப்போ எந்த வரியில் இருக்குன்னு தேடி, வரியைத் தேர்கிற செலக்ட்ரோவைக் கூப்பிடுங்க. நாம கோடில் (நிரலில்) தேர்ந்தால், ஆள் வரியைத் தொட்டதும் ஓடுகிற டிட்செலக்ட்ரோ ஓடாது, வலப்பக்கத்தை நாமளே புதுப்பிக்கணும். ஆர்டர் ரத்தாகி ஐடியே இல்லைன்னா வலப்பக்கத்தைக் காலியாக்குங்க. பக்கத்து வரியைத் தானாகத் தேர்ந்துவிடாதீங்க, தயவுசெய்து.

ஐஓஎஸ் 13 முதல் உள்ள டிஃபபிள் டேட்டா சோர்ஸுக்கு (பட்டியலில் மாறினதை மட்டும் கண்டுபிடிச்சுப் புதுப்பிக்கிற முறை) மாற முடிஞ்சா இன்னும் நல்லது, அது ஐடியை வைத்தே நடக்கும். விலை மட்டும் மாறினால் ஐஓஎஸ் 15-இல் வந்த ரீகான்ஃபிகர்ஐட்டம்ஸ் போதும். செல் (வரியோட பெட்டி) அப்படியே இருக்கும், உள்ளே இருக்கிற விவரம் மட்டும் மாறும்.

இதுக்கப்புறமும் தாவினால், அப்டேட் மெயின் த்ரெட்டில்தான் (திரையைக் கவனிக்கிற முதன்மை இழை) நடக்குதான்னு பார்த்துட்டு அந்தக் கோடைப் போடுங்க.