கோ (Go) நிரல் மொழி டெம்ப்ளேட்டில் சொந்த ஃபங்ஷன்கள்: கேள்வி பதில் (கேட்டவரின் ஊர் முன்னால்)

செந்தூல்: அண்ணா, தொகையை வெள்ளியில் (ரிங்கிட்டில்) காட்ட "வெள்ளி" என்று ஒரு ஃபங்ஷன் எழுதினேன். பில், ரசீது, மெயில் மூன்று டெம்ப்ளேட்டிலும் (தகவலை நிரப்பும் பக்க மாதிரி) வேண்டும். "ஃபங்ஷன் நாட் டிஃபைன்ட்" என்று வருகிறது.

தம்பி, வரிசை தப்பு. டெம்ப்ளேட்டைப் படித்துப் பிரிக்கும்போதே (பார்ஸ்) கோ ஃபங்ஷனின் பெயரைத் தேடும். முதலில் நியூ (புது டெம்ப்ளேட்), அடுத்து ஃபங்ஸ் (உங்கள் ஃபங்ஷன்களைச் சேர்ப்பது), அப்புறம்தான் பார்ஸ்ஃபைல்ஸ் (கோப்புகளைப் படிப்பது). மூன்று கோப்பையும் அதில் சேர்த்துக் கொடுத்தால் மூன்றுக்கும் அதே ஃபங்ஷன்கள் கிடைக்கும். ஓட்டும்போது எக்ஸிக்யூட்டெம்ப்ளேட்டில் கோப்பின் பெயரைச் சொல்லுங்கள். வெறும் எக்ஸிக்யூட் போட்டால், நியூவில் வைத்த பெயரில் எதுவும் இல்லாமல் "இன்கம்ப்ளீட் ஆர் எம்டி டெம்ப்ளேட்" என்று நின்றுவிடும். வெப் பக்கத்துக்கு ஹெச்டிஎம்எல்/டெம்ப்ளேட்தான். டெக்ஸ்ட்/டெம்ப்ளேட் வாடிக்கையாளர் தட்டியதை ஸ்கிரிப்ட் உட்பட அப்படியே பக்கத்தில் கொட்டும்.

பட்டர்வொர்த்: ஃபங்ஷன் இரண்டு மதிப்பு திருப்பலாமா?

இரண்டாவது எரராக இருந்தால் திருப்பலாம். எரர் வந்தால் பக்கம் பாதியில் நிற்கும், அதனால் முதலில் பஃபரில் (நினைவகத்தில்) எழுதி, முழுதாக வந்த பிறகு அனுப்புங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்: உணவகப் பில்லுக்கு "வெள்ளி" ஃபங்ஷனிலேயே 5 சென் ரவுண்டிங்கும் (தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்கு மாற்றுவது) போட்டுவிட்டேன். சரிதானே?

சரியில்லை. மலேசியாவில் 2008 ஏப்ரலில் வந்த முறைப்படி ரவுண்டிங் பில்லின் மொத்தத்துக்கு மட்டும், அதுவும் ரொக்கமாகக் கட்டினால். 4.32 வெள்ளிச் சாப்பாடு மூன்று: மொத்தம் 12.96, ரொக்கத்தில் 12.95. உங்கள் ஃபங்ஷன் ஒவ்வொரு சாப்பாட்டையும் 4.30 ஆக்கும். அவற்றைக் கூட்டினால் 12.90, கீழே மொத்தம் 12.95. கூட்டிப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? "வெள்ளி" காட்ட மட்டும், "ரொக்கம்" ரவுண்டிங்குக்கு என்று இரண்டாகப் பிரியுங்கள்.

பினாங்கு: ஐந்து சென்னுக்கு இவ்வளவா? கல்லாவில் யாரும் கேட்பதில்லை சார்.

கல்லாவில் கேட்கமாட்டார்கள், மாதக் கடைசியில் கணக்கு எழுதுபவர் கேட்பார். ஒரு கடைக்கு நான் எழுதிய பில்லில் இதே தவறு இருந்தது. இரண்டு இரவு தேடினோம். டெம்ப்ளேட் ஃபங்ஷன் காட்டுவதோடு நிற்க வேண்டும்.

பினாங்கு: அப்படியென்றால் "ரொக்கம்" மட்டும் ஏன் டெம்ப்ளேட்டில்?

நியாயம். அதையும் கோ கோடிலேயே, சென்னில் முழு எண்ணாகக் கணக்கிட்டு அனுப்புங்கள். மேலே சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.

ஷா ஆலம்: "நாட் டிஃபைன்ட்" வருகிறது...

முதல் பதில். ஃபங்ஸ் முன்னால்.

காஜாங்: ரியாக்டில் (ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) இதை எப்படிச் செய்வது?

அது என் துறை இல்லை, தங்கச்சி.

ஸ்தாப்பாக்: ஃபங்ஸ் முன்னால்தான் இருக்கிறது, மெயிலில் மட்டும் "நாட் டிஃபைன்ட்".

மெயிலுக்குத் தனியாக டெம்ப்ளேட்.பார்ஸ்ஃபைல்ஸ் கூப்பிட்டிருப்பீர்கள். அது புதுத் தொகுப்பு. உங்கள் ஃபங்ஷன் எதுவும் அதற்குத் தெரியாது. ஃபங்ஸ் சேர்த்த அதே மாறியில் கூப்பிடுங்கள்.