துருவ நட்சத்திரம் காட்டும் அகலக்கோடு ஏன் பிழைக்கிறது?

பாகைமானியில் நூற்குண்டு கட்டி, டிசம்பர் 15 இரவு 9.30க்கு கொழும்பு வெள்ளவத்தை மொட்டை மாடியில் இருந்து துருவ நட்சத்திரத்தின் உயரக் கோணத்தை அளந்தபோது 7 பாகை 45 கலை வந்தது (60 கலை ஒரு பாகை), போன் அகலக்கோடு 6 பாகை 52 கலை என்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கோணமே அகலக்கோடு என்ற கணக்குப்படி நீங்கள் வடக்கே சிலாபத்தையும் தாண்டி நிற்கிறீர்கள்! ஆனால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

அந்த நட்சத்திரம் வானத் துருவத்தில், அதாவது வானம் சுழல்வதுபோல் தெரியும் மையப் புள்ளியில், அசையாமல் நிற்பதில்லை. அதைச் சுற்றி ஏறத்தாழ 38 கலை ஆரத்தில் ஒரு சிறு வட்டம் போடுகிறது. நீங்கள் அளந்த நேரம் அது வட்டத்தின் உச்சியில் இருந்த நேரம். டபிள்யூ வடிவக் காசியோபியா அதற்கு மேலே நின்றிருக்குமே, அதுதான் அடையாளம். சப்தரிஷி மண்டலம் மேலே வரும் மாதங்களில் பிழை எதிர்ப்பக்கம் போகும்.

அப்புறம் ஒளிமுறிவு. இவ்வளவு தாழ்வான நட்சத்திரத்தைக் காற்று சுமார் 7 கலை தூக்கிக் காட்டும். நட்சத்திரம் சற்று உயரத்தில் தெரியும் யாழ்ப்பாணத்தில்கூட இது கொஞ்சம் குறையும். இரண்டையும் கழித்தால் சரியாக 7 பாகை. மீதி 8 கலையைப் பள்ளிக்கூடப் பாகைமானியில் பிடிப்பது நடக்காத காரியம்.

நித்திரை முழிக்க முடியுமானால் அதே இரவு 3.30க்கு மறுபடி அளந்து பாருங்கள். அப்போது நட்சத்திரம் துருவத்துக்குப் பக்கவாட்டில் இருக்கும், ஒளிமுறிவை மட்டும் கழித்தால் போதும்.

நெடுங்கோட்டுக்கு இந்த நட்சத்திரம் உதவாது. அதற்கு வேறு நட்சத்திரமும் நல்ல மணிக்கூடும் வேண்டும்: 4 செக்கன் பிசகினால் 1 கலை பிழை, இங்கே கிட்டத்தட்ட 1.8 கிலோமீற்றர்.