4294967297 என்ற எண்ணில் அப்படி என்ன விசேஷம்? அது பகா எண்ணா?

பகா எண் இல்லை. ஆனால் அது பகா எண்தான் என்று பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். அவருடைய நம்பிக்கை உடைய 92 வருடம் ஆனது.

நம் கணக்கில் இது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. 32 இரண்டுகளைப் பெருக்கி, அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவது. இணையத்தில் கருவிகளுக்குத் தரப்படும் ஐபிவி4 முகவரிகளின் மொத்த எண்ணிக்கையைவிட ஒன்று அதிகம்.

2-க்கு 1, 2, 4, 8, 16 என்று அடுக்கு போட்டு ஒன்றைக் கூட்டிப் பாருங்கள்: 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். இந்த வரிசை இப்படியே போகும் என்று 1640-இல் ஃபெர்மா எழுதினார். அடுத்த அடுக்கு 32. அதில் வருவதுதான் நீங்கள் கேட்கும் எண்.

ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்து இதைப் பகா எண் என்று உறுதிசெய்ய வேண்டுமென்றால் 6,542 தடவை வகுக்க வேண்டும். 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர், அப்போது அவருக்கு வயது 25, இதை 641 வகுக்கும் என்று சொல்லிவிட்டார். எங்கே தேட வேண்டும் என்பதற்கான விதியையும் பிற்பாடு அவரே நிரூபித்தார்: இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே ஆள் சிக்கிவிடுகிறது!

நான் டியூஷன் எடுக்கிறேன். வருடா வருடம் இந்த வகுத்தலைப் பிள்ளைகளையே போர்டில் போடச் சொல்வேன். 4294-இல் 641 ஆறு தடவை, மீதி 448. அடுத்த 9-ஐ இறக்கினால் 4489, ஏழு தடவை போக மீதி 2. பிறகு ஈவில் இரண்டு சுழி, ஒரு 4, ஒரு 1. அங்கே மறுபடியும் மீதி 448. கடைசி இலக்கம் 7 இறங்கி 4487 ஆகும்போது வகுப்பே அமைதியாகிவிடும். ஏழு தடவை, மீதி சுழி. ஈவு 6700417. அதுவும் பகா எண்.

ஆக, இது இரண்டே பகா எண்களின் பெருக்கல். தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தன்னைவிடக் குறைவாக, 67,01,059தான் வரும் என்பதால் குறை எண். பகா எண்ணா என்று பார்க்க ஃபெர்மாவின் சோதனை ஒன்று உண்டு: 2-க்கு அந்த எண்ணையே அடுக்காகப் போட்டு, அதே எண்ணால் வகுத்தால் மீதி 2 வர வேண்டும். அதைச் செய்தால் இது பகா எண் போலவே தேறிவிடும். அதனால் போலிப் பகா எண்ணும்கூட. ஃபெர்மாவின் சோதனையே ஃபெர்மாவின் எண்ணிடம் ஏமாறுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிந்தால், ஒரே வழியில்தான் எழுத முடியும். இந்த எண்ணுக்கோ இரண்டு வழி. 65536-இன் வர்க்கத்தோடு 1-இன் வர்க்கம். அல்லது 62264-இன் வர்க்கத்தோடு 20449-இன் வர்க்கம். 641-ஐத் தொடாமலே, இந்த இரண்டாவது கூட்டலை மட்டும் போட்டுப் பார்த்து, இது பகா எண் இல்லை என்று சொல்லிவிடலாம். 387,68,05,696-ஐயும் 41,81,61,601-ஐயும் கூட்டிப் பாருங்கள்.