எடிட்டிங் கணினி: கார்டு வாங்குவதற்கு முன் கோப்பைப் பாருங்கள்

கேள்வி: வீடியோ எடிட்டிங்குக்கு ஒரு கணினி அசெம்பிள் செய்யப் போகிறேன். மொபைலிலும் ஒரு மிரர்லெஸ் கேமராவிலும் 4கே எடுக்கிறேன். கையில் இருக்கும் பணத்தில் பாதியை கிராபிக்ஸ் கார்டுக்கே ஒதுக்கு என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: கேம் ஆடுவதற்கு என்றால் செய்யலாம். எடிட்டிங்குக்கு அவசரப்படாதீர்கள். முதலில் உங்கள் கேமரா எந்த வகைக் கோப்பைத் தருகிறது என்று பாருங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒரு கிளிப்பைத் திறந்தால் போதும், கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) எது, 8 பிட்டா 10 பிட்டா, 4:2:0 வா 4:2:2 வா (நிறம் எவ்வளவு நுணுக்கமாகப் பதிவாகிறது என்பதைச் சொல்லும் எண்கள்) எல்லாம் தெரிந்துவிடும். எந்த பிராசசர் வாங்குவது என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

எச்.264, எச்.265 என்ற கோடெக்குகளில் பதிவான கோப்புகளில் எல்லா ஃபிரேமும் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) முழுப் படமாக இருப்பதில்லை. அங்கங்கே ஒரு முழுப் படம். நடுவில் இருப்பதெல்லாம் பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புதான். கோப்பு சிறியதாக இருப்பது அதனால்தான். ஆனால் டைம்லைனில் (கிளிப்புகளை அடுக்கும் வரிசை) எங்காவது நடுவில் கிளிக் செய்தால், கணினி முந்தைய முழுப் படத்துக்குப் போய் அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வரவேண்டும். எடிட்டிங்கில் வீடியோ திக்கித் திணறுவதற்கு பெரும்பாலும் இதுவே காரணம். இந்த வேலைக்கென்றே சிப்புக்குள் ஒரு தனிப் பகுதி உண்டு, அதுதான் டிகோடர். உங்கள் கோப்பு வகை அதற்குத் தெரியவில்லை என்றால் மொத்தச் சுமையும் பிராசசர் தலையில் விழும்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். பல மிரர்லெஸ் கேமராக்கள் 10 பிட் 4:2:2 எச்.265 ஆகப் பதிவு செய்கின்றன. என்விடியாவில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளின் டிகோடருக்கு இது தெரியாது. உயர் ரக ஆர்டிஎக்ஸ் 4090-க்கும் தெரியாது. இன்டெலின் ஐ5-12400 போன்ற சாதாரண பிராசசருடன் வரும் உள் கிராபிக்ஸுக்கோ தெரியும். குவிக் சிங்க் என்று சொல்வார்களே, அது இந்த உள் கிராபிக்ஸில் இருக்கும் டிகோடர்தான். டெஸ்க்டாப்பில் 11-ஆவது தலைமுறையிலிருந்து இந்த வசதி இருக்கிறது. ஆனால் கேமரா 10 பிட் 4:2:2-ஐ எச்.264 ஆகத் தந்தால் 12400-இன் உள் கிராபிக்ஸும் கைவிரித்துவிடும். கேமரா மெனுவில் எச்.265-க்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

அதனால் ஒரே ஓர் எழுத்தில் கவனம் வையுங்கள். 12400எஃப் என்று இருந்தால் அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது. விலை சற்றுக் குறைவாக இருப்பதைப் பார்த்து பலர் அதை எடுத்துவிடுகிறார்கள். எஃப் இல்லாததை வாங்கி, தனி கார்டும் போட்டால், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) உள் கிராபிக்ஸ் அணையாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கார்டு செருகியதும் சில மதர்போர்டுகள் அதைத் தானாகவே அணைத்துவிடும்.

அப்படியானால் கார்டே வேண்டாமா? வெட்டி ஒட்டி, தலைப்புப் போடுகிற அளவுக்கு என்றால் இப்போதைக்கு இல்லாமலே ஓட்டலாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் நிறத் திருத்தம், படத்தில் தெரியும் புள்ளிகளைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாம் செய்வீர்கள் என்றால் வேண்டும். அப்போது கார்டின் வேகத்தைவிட அதன் நினைவகத்தைப் பாருங்கள். 4கே டைம்லைனுக்கு 8 ஜிபிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் வேகம் மட்டும் குறையாது, கிராபிக்ஸ் நினைவகம் நிரம்பிவிட்டது என்று சொல்லி ரெண்டரே (இறுதி வீடியோவை உருவாக்கும் வேலை) பாதியில் நின்றுவிடலாம்.

கேள்வி: ராம் 16 ஜிபி போதுமா? எல்லாவற்றுக்கும் ஒரே எஸ்எஸ்டி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முழு எச்டிக்கு 16 போதும். 4கே என்றால் 32 இருந்தால் நிம்மதி. ஒரே குச்சியாக வாங்காமல் ஜோடியாக வாங்குங்கள், இரண்டு சேனலும் (ராமுக்கும் பிராசசருக்கும் நடுவில் உள்ள பாதைகள்) வேலை செய்யும். உள் கிராபிக்ஸுக்கும் இந்த ராம்தான் நினைவகம் என்பதால் அங்கே வித்தியாசம் நன்றாகவே தெரியும். மாட்டிய பிறகு பயாஸில், ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் என் ராம் ஒரு வருடம் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. காசு கொடுத்து வாங்கிய வேகத்தை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சேமிப்பு விஷயத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவாகும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. படிக்க வேண்டியதோ வினாடிக்கு வெறும் 12.5 மெகாபைட். ஒரே ஒரு கிளிப்பை ஓட்டுவதற்கு பழைய ஹார்ட் டிஸ்க்கே தாராளம். இரண்டு மூன்று கேமராவின் காட்சிகளை அடுக்கி, நடுநடுவே தாவிக்கொண்டே இருக்கும்போதுதான் அதன் முள் அங்குமிங்கும் ஓடித் தவித்துப் போகும். விண்டோஸ், மென்பொருள், அப்போதைய வேலை எல்லாவற்றுக்கும் 1 டிபி என்விஎம்இ வகை எஸ்எஸ்டி, முடிந்த வேலைகளுக்கு ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க். இதுவே போதும். சாதாரண எடிட்டிங்குக்கு அதிவேக ஜென் 5 எஸ்எஸ்டி எல்லாம் பெருமைக்குத்தான்.

கேள்வி: அலுவலகங்களில் கழித்துவிட்ட பிராண்டட் கணினி மலிவாகக் கிடைக்கிறது. அதில் கார்டு மட்டும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: போடலாம், ஆனால் கேபினெட்டைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். பலவற்றில் பவர் சப்ளையின் அளவும் இணைப்பும் அந்த நிறுவனத்துக்கே உரியவை. வெளியில் வாங்கியது பொருந்தாது. ஒல்லிக் கேபினெட்டாக இருந்தால் அரை உயரக் கார்டு மட்டும்தான் நுழையும், அதில் தேர்ந்தெடுக்க அதிகம் கிடையாது. இன்டெலில் 8-ஆவது தலைமுறைக்கு முந்தையது என்றால் விட்டுவிடுங்கள். விண்டோஸ் 11-க்கு அது அதிகாரபூர்வமாகத் தகுதி பெறாது, விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. லினக்ஸ் போட்டுக்கொள்கிறேன் என்றால் ஒன்று சொல்கிறேன்: இலவச ரிசால்வ் லினக்ஸில் எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது.

புதிதாக பவர் சப்ளை வாங்கினால் 80 பிளஸ் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதைத்தான் அது சொல்கிறது, பாதுகாப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. உத்தரவாதம் எத்தனை வருடம் என்று கேளுங்கள்.

கேள்வி: நான் ஏற்கெனவே எஃப் வகை பிராசசர் வாங்கிவிட்டேன். 4கே கிளிப் நகரவே மாட்டேன் என்கிறது. விற்றுவிடட்டுமா?

பதில்: வேண்டாம், பிராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் இலகுவான நகல்) போட்டுப் பாருங்கள். பிரீமியர் புரோ, ரிசால்வ் இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. ஒவ்வொரு கிளிப்புக்கும் சிறிய அளவில், புரோரெஸ் பிராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி வகையில் ஒரு நகலை மென்பொருளே உருவாக்கிவிடும். இந்த வகைகளில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படம் என்பதால், எங்கே கிளிக் செய்தாலும் உடனே வந்து நிற்கும். படுக்கப் போகும்போது ஓடவிட்டால் காலையில் தயாராக இருக்கும். பிராக்ஸிக்கென்று தனி ஃபோல்டர் வையுங்கள், வேலை முடிந்ததும் தயங்காமல் அழித்துவிடலாம். அப்புறம், ரிசால்வில் எக்ஸ்போர்ட் கொடுப்பதற்கு முன் பிராக்ஸியைப் பயன்படுத்தும் தேர்வு அங்கே டிக் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சிறிய நகலே பெரிதாக்கப்பட்டு 4கே என்ற பெயரில் வெளியே வரும்.