ஆறு ஏறும்போது எப்போது புறப்படுவது?
வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவன் நான். இப்போது செகாமட்டில் ஆற்றை ஒட்டிய மலிவு விலை வீட்டில் இருக்கிறோம். மனைவிக்கு நீரிழிவு நோய். என் தாயார் படுத்த படுக்கை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ‘தயாராக இருங்கள்’ என்று செய்தி வருகிறது. எப்போது கிளம்புவது, எதை எடுப்பது என்று யாரும் சொல்வதில்லை. (வாசகர், செகாமட்)

பதில்: ஐயா, எப்போது கிளம்புவது என்பதை மழை கொட்டும் இரவில் முடிவு செய்யக் கூடாது, இன்றே, வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட வேண்டும். மலேசிய வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ‘இன்ஃபோ பஞ்சிர்’ இணையத்தளம் ஒவ்வொரு ஆற்றின் நீர்மட்டத்தையும் இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு நிலைகளாகப் பிரித்துக் காட்டுகிறது. நடக்கக்கூடியவர்கள் மட்டுமே இருக்கும் வீடு அபாய நிலையை எட்டும்வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. தாயாரைத் தூக்கி வண்டியில் ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள், ஆகவே எச்சரிக்கை நிலையிலேயே, அதுவும் வெளிச்சம் இருக்கும்போதே, புறப்பட்டுவிடுங்கள். கைப்பேசியில் இதைப் பார்ப்பது உங்களுக்குச் சிரமமென்றால் வெளியூரில் இருக்கும் பிள்ளையிடமோ பேரப்பிள்ளையிடமோ அந்தப் பொறுப்பைக் கொடுங்கள்.

ஊரில் மழை விட்டுவிட்டதே என்று நிம்மதி அடைவதுதான் பெரிய ஆபத்து. மேல்பகுதியில் பெய்த மழை செகாமட் ஆற்றின் வழியாக வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். 2006 டிசம்பரில் ஜொகூரில் ஒரு வெள்ளம் வந்து வடிந்த பிறகு, வீட்டைக் கழுவித் துடைத்து முடிப்பதற்குள் 2007 ஜனவரியில் இரண்டாவது வெள்ளம் வந்ததை உங்கள் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2011 ஜனவரியிலும் 2023 மார்ச்சிலும் செகாமட் மீண்டும் மூழ்கியது. அதனால் முதல் வெள்ளம் வடிந்தாலும் மூட்டையைப் பிரித்துவிட வேண்டாம்.

அந்த மூட்டையில் அடையாள அட்டைகள், பிறப்புப் பத்திரங்கள், வீட்டுக் கிராண்ட் (உரிமைப் பத்திரம்), மருத்துவமனை அட்டை ஆகியவை தண்ணீர் புகாத உறையில் இருக்கட்டும். அவற்றைப் படமெடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். மனைவியின் மருந்து ஒரு வாரத்துக்காவது இருக்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்தால், பயன்பாட்டில் உள்ள குப்பியைப் பெரும்பாலும் நான்கு வாரம்வரை குளிர்பெட்டிக்கு வெளியே, வெயில் படாமல் வைத்திருக்கலாம். உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்பதைக் கிளினிக்கில் அடுத்த முறை கேட்டு, பெட்டியின் மேலேயே எழுதிவிடுங்கள். கிளம்பும் முன் கேஸ் தோம்பை (சிலிண்டரை) மூடுங்கள். தரை காய்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை அணையுங்கள், ஈரத்தில் நின்றுகொண்டு அதைத் தொடவே வேண்டாம். ஓடும் நீர் முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் காரை நகர்த்திவிடும் என்பதால், நீர் மூடிய சாலையில் வண்டியை இறக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் இருந்தபோது காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போது, ஒருவர் வரவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். லயத்து வரிசை வீடுகளில் யார் வீட்டில் கிழவி நோயாகக் கிடக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்த பிறகு அந்தப் பழக்கம் நம்மிடம் விட்டுப்போனது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. உங்கள் வரிசையில் தூக்கிச் செல்ல வேண்டியவர்கள் யார், யாரிடம் நான்கு சக்கர வண்டி இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி, கோயில் தலைவரிடமும் கிராமத் தலைவரிடமும் ஒவ்வொரு படி கொடுங்கள். துயர் துடைப்பு மையமாக எந்தப் பள்ளியைத் திறப்பார்கள் என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். 999 எண்ணை அழைத்தால் படகு வரும், ஆனால் ஊரே மூழ்கிய இரவில் அந்தப் படகு எத்தனை வீட்டுக்குத்தான் போகும்?

கேள்வி: 2025 ஆகஸ்டில் செகாமட் வட்டாரத்தில் ஏற்பட்ட நில அதிர்வை நாங்களும் உணர்ந்தோம். மறுபடியும் வந்தால் வெளியே ஓடுவதா? (வாசகி, லாபிஸ்)

பதில்: ஓட வேண்டாம் அம்மா. அன்றைய அதிர்வின் அளவு 4.1, இத்தகைய அதிர்வில் வீடு இடிவதைவிட, மேலிருந்து பொருள்கள் விழுந்தும் பதற்றத்தில் தடுக்கி விழுந்தும் காயமடைவதற்கே வாய்ப்பு அதிகம். உறுதியான மேசையின் கீழ் குனிந்து, தலையையும் கழுத்தையும் கையால் மறைத்து, ஆட்டம் நின்ற பிறகு வெளியே வாருங்கள். உயரமான அலமாரிகளைச் சுவரோடு ஆணியடித்துப் பிணையுங்கள். நம் வீடுகளில் சாமி மேடையைத் தலைக்கு மேல் பொருத்தி, அதில் கனமான பித்தளை விளக்கை எரியவிடுகிறோம். அதன் கீழே யாரும் படுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், இரவில் விளக்கை அமர்த்திவிட்டுத் தூங்குங்கள்.

கேள்வி: வெள்ளம் வடிந்தபின் சேற்றை வெறும் காலோடு அள்ளலாமா? (வாசகர், யோங் பெங்)

பதில்: கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் சிறு கீறல் வழியாகக்கூட எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். ரப்பர் பூட்ஸும் கையுறையும் அணியுங்கள், புண் இருந்தால் மூடிக் கட்டுங்கள். அடுத்த நான்கு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வெள்ள நீரில் இறங்கியதை டாக்டர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லுங்கள்.