ஹோம்ஸ்கூல் பிள்ளைக்கு மதம் கலக்காத பயாலஜி வகுப்பு: டாலஸ் தங்கைக்கு ஒரு பதில்

வணக்கம் தங்கச்சி. ஒன்பதாம் வகுப்பு மகளை வீட்டிலேயே படிக்க வைக்கிறீர்கள், ஆன்லைனில் பயாலஜி தேடினால் பாதி வகுப்புகள் பைபிள் வசனத்தோடு வருகின்றன, எதை நம்பிப் பணம் கட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். நானும் டெக்சஸில்தான் என் பையனை வீட்டில் வைத்துப் படிக்க வைத்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

இங்கே ஹோம்ஸ்கூல் புத்தகச் சந்தையைப் பெரிதாக வளர்த்தவை கிறிஸ்தவக் குடும்பங்கள். அபெகா, பாப் ஜோன்ஸ், அபோலஜியா ஆகிய மூன்று பதிப்பகங்களின் பெயர்களும் உங்கள் காதில் அடிக்கடி விழும். மூன்றும் கடவுள் படைப்பை அடிப்படையாக வைத்தே உயிரியல் சொல்லித்தருபவை, அதை மறைப்பதும் இல்லை. அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், வேண்டாமென்றால் ஒதுங்கிக்கொள்ளலாம். தலைவலி தருபவர்கள் ‘நியூட்ரல்’ என்று போட்டுக்கொள்பவர்கள்தான். யார் மனமும் நோகக் கூடாது என்று பரிணாமத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். செல், டிஎன்ஏ, ஒளிச்சேர்க்கை எல்லாம் சுத்தமாக இருக்கும். ஆனால் திமிங்கலத்தின் உடம்புக்குள் இடுப்பெலும்பு ஏன் மிச்சம் இருக்கிறது, பாக்டீரியாவிடம் ஆன்டிபயாட்டிக் ஏன் தோற்றுப்போகிறது என்று பிள்ளை கேட்டால் அந்த வகுப்பில் பதில் இருக்காது.

ஆகவே விலையைப் பார்க்கும் முன் பாடப் பட்டியலைத் திறங்கள். பரிணாமத்துக்குத் தனி யூனிட் வேண்டும். இயற்கைத் தேர்வு, பொது மூதாதை, புதைபடிவம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். மாதிரிப் பாடம் தந்தால் பூமியின் வயதைத் தேடுங்கள்: சுமார் 450 கோடி ஆண்டுகள் என்று நேராகச் சொல்கிறதா, ‘சில விஞ்ஞானிகள் நம்புகிறார்கள்’ என்று வழுக்குகிறதா? ‘உயிர்கள் தத்தம் வகைக்குள் மட்டுமே மாறும்’ என்ற படைப்புவாத வரி கண்ணில் பட்டால் மூடிவிடலாம். பட்டியலே தராதவர்களிடம், பரிணாமத்துக்கு எத்தனை வாரம் ஒதுக்குகிறீர்கள் என்று மெயிலில் கேளுங்கள். நல்ல ஆசிரியர் ஒரே வரியில் பதில் போடுவார். மழுப்பல் வந்தால் அதுவே பதில்.

சாமி கும்பிடுகிற வீடு, இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்கிறார் என்றீர்கள். நாங்களும் கும்பிடுகிறவர்கள்தான். இது கல்லூரி வரைக்கும் வரும் விஷயம். கிறிஸ்தவப் பள்ளிகளின் சில உயிரியல் பாடங்களைச் சேர்க்கைத் தகுதிக்கு எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றது கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். 2005இல் பள்ளிகள் தரப்பில் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்கு போட்டார்கள். 2008இல் பல்கலைக்கழகம் ஜெயித்தது, 2010இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. ஹைஸ்கூலிலேயே கல்லூரி அளவில் படித்துப் பரீட்சை எழுதும் ஏபி (AP) பயாலஜியிலும், நான்கு பெரிய கருத்துகளில் முதலாவதே பரிணாமம்தான்.

பணம் கட்டும் முன் கான் அகாடமி என்ற வீடியோ பாடத் தளத்தில் ஒரு வாரம் பார்க்கச் சொல்லுங்கள், இலவசம். ஓபன்ஸ்டாக்ஸ் தளத்தில் உள்ள பாடப்புத்தகமும் இலவசம், மதக்கலப்பு கிடையாது. ஆனால் தானாக உட்கார்ந்து வீடியோ பார்த்து முடிக்கிற ரகமா உங்கள் மகள்? இல்லையென்றால் ஆசிரியர் நேரலையில் நடத்தி, கட்டுரையைத் திருத்தித் தரும் வகுப்புக்கே செலவழியுங்கள்.

லேப் விஷயத்தில் ஏமாற வேண்டாம். திரையில் மவுஸால் தவளையை அறுப்பதை மட்டும் லேப் என்று எழுதிக்கொடுத்தால் சில கல்லூரிகள் ஏற்பதில்லை. 400 மடங்கு பெரிதாக்கும் மைக்ரோஸ்கோப் ஒன்று வாங்கிவிடுங்கள். வெங்காயத்தின் உள்தோலை உரித்து ஒரு சொட்டு அயோடின் விட்டால் செங்கல் அடுக்கியது போல செல்கள் தெரியும், ஒவ்வொன்றிலும் நியூக்ளியஸ் ஒரு புள்ளியாக நிற்கும். அதைப் பார்த்து வரைந்து, தேதி போட்டு, என்ன செய்தாள் என்று அவளே நோட்டில் எழுதட்டும். டெக்சஸில் ஹோம்ஸ்கூலைத் தனியார் பள்ளியாகவே கருதுகிறார்கள், டிரான்ஸ்கிரிப்ட், அதாவது படித்த பாடங்களும் மதிப்பெண்களும் அடங்கிய சான்று, போடுவதும் நீங்கள்தான். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட அந்த நோட்டு இருக்கும்.

எடுத்த எடுப்பில் ஏபி வேண்டாம். சாதாரண பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் முடிந்த பிறகு எழுதுவதுதான் முறை. எழுதுகிற வருஷம், பரீட்சை மே மாதம்தானே என்று இருந்துவிடாதீர்கள். பள்ளிகள் நவம்பரிலேயே வினாத்தாளுக்கு ஆர்டர் கொடுத்துவிடும். ஆகஸ்டிலேயே பக்கத்து ஹைஸ்கூலுக்கு போன் போட்டு ஏபி பரீட்சையைக் கவனித்துக்கொள்ளும் கோஆர்டினேட்டரைப் பிடித்து, வெளிப் பிள்ளைக்கு இடம் தருவார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த பள்ளியைக் கேட்க நேரம் இருக்கும்.