கரிசல் நனைந்தால் கார் நகராது

தம்பி, ஆஸ்திரேலியா வந்து நான்கு மாதம் ஆகிறது, பழைய எஸ்யூவி ஒன்று வாங்கியிருக்கிறேன், விடுமுறையில் குடும்பத்தோடு பிரிஸ்பேனிலிருந்து குயின்ஸ்லாந்தின் உள்பகுதியில் இருக்கும் வின்டன் ஊர்ப் பக்கம் போகலாமா, மண் சாலையில் ஓட்ட முடியுமா, உரிமம் எப்போது மாற்ற வேண்டும், எங்கே தங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். உரிமம் பற்றி மாநிலப் போக்குவரத்துத் துறையின் தளத்திலேயே விவரம் இருக்கிறது. தங்க இடம் கிடைக்கும், முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள், அவ்வளவுதான். எனக்குப் பதில் சொல்லத் தோன்றியது அந்த மண் சாலைக்குத்தான்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் 2010 செப்டம்பர் ஞாபகம் வந்துவிட்டது. நான் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வின்டனுக்குத் தென்மேற்கே 110 கிலோமீட்டரில் லார்க் குவாரி என்ற இடத்தில் டைனோசர் காலடித் தடங்கள் இருக்கின்றன, அதைப் பார்க்க மகளுக்கு ஆசை. அப்போது அவளுக்கு ஆறு வயது. நண்பர் குடும்பமும் சேர்ந்து இரண்டு கார். அந்தப் பக்கம் மழைக்காலம் பொதுவாக நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான், செப்டம்பரில் என்ன மழை என்று கிளம்பிவிட்டோம். அது லா நினா வருடம், அதாவது பசிபிக் கடல் மாற்றத்தால் இங்கே வழக்கத்தைவிட மழை கொட்டும் வருடம் என்பது பிறகுதான் புரிந்தது.

ஊர் எல்லையில் சாலை மூடியிருக்கிறது என்று பலகை வைத்திருந்தார்கள். வானம் நீலமாக இருந்தது, மேல் மண் காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. “அது லாரிக்காரனுக்குப் போட்டது” என்றார் நண்பர். எனக்கும் அப்படித்தான் நம்ப வேண்டியிருந்தது, 1,300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்தவன் திரும்பிப் போக மனம் வருமா?

தார் முடிந்து கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிட்டது. கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. வலப்பக்கம் திருப்பினால் கார் தன் பாட்டுக்கு இடப்பக்க ஓடைப் பள்ளத்தை நோக்கி வழுக்கிப் போகிறது. அந்தச் சமவெளி முழுக்கக் கரிசல் மண். காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் உப்பி ஒட்டிக்கொள்ளும். மேலே ஒரு விரல்கடை காய்ந்திருந்தாலும் அடியில் பசைதான். நான் பயத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். அதுதான் முழுத் தப்பு. சக்கரம் சுற்றச் சுற்றச் சேறு டயர் கட்டங்களை அடைத்து, டயர் மொழுக்கென்று ஆகி, சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவுக்குள்ளும் இறுகிப்போய், கடைசியில் சக்கரமே சுற்றவில்லை. பின்னால் தள்ள வந்த நண்பர் தலையிலிருந்து கால்வரை கறுப்பாக நின்றார். அவர் செருப்பு ஒன்று இன்னும் அந்த மண்ணுக்குள்தான் இருக்க வேண்டும்.

அன்றைக்குத் தெரியாமல் பிறகு கற்றுக்கொண்டது இது. எஸ்யூவி என்று பெயர் இருந்தால் போதாது. உங்கள் காரில் லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டும் கூடுதல் கியர் அமைப்பு) இருக்கிறதா, அடிப்பாகம் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். ஊரில் பாதிப் பேர் வைத்திருப்பது நான்கு சக்கரமும் இழுக்கும் குடும்பக் கார், அதற்கு மேல் ஒன்றுமில்லை. சேற்றைப் பார்த்ததும் இறங்கி நடந்து பாருங்கள். கால் வழுக்கினால் காரும் வழுக்கும். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் டயர் காற்றை 25 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து, லோ ரேஞ்சில் இரண்டாவது கியர் போட்டு, ஒரே சீராகப் போக வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. சக்கரம் பிடிப்பில்லாமல் சுழல ஆரம்பித்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். திரும்பக் காற்றடிக்க கம்ப்ரஸர் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள், பல ஒப்பந்தங்களில் தாரில்லாத சாலைக்குக் காப்பீடு கிடையாது. அந்தப் பக்கம் செல்பேசிக்குச் சிக்னலும் இருக்காது. செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் அவசர பீக்கன் ஒன்று கையில் இருக்கட்டும்.

சிக்கிக்கொண்டால் காரைவிட்டு நடந்து போகவே போகாதீர்கள். ஆளைவிடக் காரைக் கண்டுபிடிப்பது சுலபம். நாங்கள் அன்று இரவு காரிலேயே கிடந்தோம். தண்ணீர் கொஞ்சம்தான், பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தோம். என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் அந்தப் பகுதி மாட்டுப் பண்ணைக்காரர் டிராக்டரில் வந்தார். நண்பர் ஆர்வத்தோடு ஓடிப் போய், டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையில் இழுவைப் பட்டையைக் கோத்தார். பெரியவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பட்டை விசையோடு இழுக்கும்போது அந்த உருண்டை பிய்ந்தால் குண்டு மாதிரிப் பறக்குமாம். இந்த நாட்டில் அப்படி ஆள் செத்திருக்கிறார்கள். சேஸிஸோடு போல்ட் போட்டு, இழுப்பதற்கென்றே வைத்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும், பட்டை மேல் கனமான துணியோ பையோ போட வேண்டும், ஆட்கள் தள்ளி நிற்க வேண்டும்.

வெளியே இழுத்துப்போட்டதும் நான் பணம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நாங்கள் உழுதுவைத்த இரண்டு ஆழமான தடங்களைக் காட்டினார். காய்ந்தால் இது சிமெண்டாகிவிடும், கவுன்சிலின் கிரேடர், அதாவது சாலையைச் சமப்படுத்தும் வண்டி, வரும்வரை என் மனைவி இதில்தான் ஓட்ட வேண்டும் என்றார். பலகை எங்கள் உயிருக்காக மட்டும் வைக்கப்படவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

நம்மவர்களிடம் எனக்கு இதில்தான் கோபம். ஒரு கூட்டம் பதினைந்து வருடமாகக் கடற்கரையைத் தாண்டிப் போனதில்லை, ஆனால் “உள்ளே எல்லாம் ஆபத்து” என்று எல்லோருக்கும் பாடம் எடுக்கும். இன்னொரு கூட்டம் ஸ்நார்க்கெல் (தண்ணீருக்குள் போக உயரத்தில் வைத்த காற்றுக் குழாய்), வின்ச் (வண்டியை இழுக்கும் கம்பிச் சுருள்) எல்லாம் மாட்டிய பெரிய வண்டியை வணிக வளாக வாசலில் இரண்டு இடம் பிடித்து நிறுத்தும், வண்டி புதிதாகவே இருக்கும். நான் இரண்டிலும் சேரவில்லை. இப்போது என் காரில் மண்வெட்டி, சறுக்காமல் ஏறும் பலகைகள், ஆளுக்குப் பத்து லிட்டர் தண்ணீர், லாரிக்காரர்கள் பேசும் 40-ஆம் சேனலுக்கு யுஎச்எஃப் ரேடியோ எல்லாம் இருக்கும். கிளம்பும் முன் குயின்ஸ்லாந்து சாலைத் தகவல் எண்ணான 13 19 40-க்குப் போன் செய்து சாலை நிலவரம் கேட்பேன். மூடியிருந்தால் பப்பில் உட்கார்ந்து உள்ளூர்க்காரர்களோடு கதை பேசுவேன், அதுவும் ஒரு பயணம்தான்.

அன்று திரும்பும்போது நெடுஞ்சாலையில் 100-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கியது. கார் போச்சு என்று நினைத்தேன். ரிம்முக்குள் காய்ந்து கட்டியாக இருந்த சேறுதான் காரணம், சக்கரம் சமநிலை இழந்திருந்தது. சாலையோரம் குந்தி, கரண்டியால் கால் மணி நேரம் சுரண்டினேன்.

லார்க் குவாரியை 2014 ஜூனில்தான் பார்த்தோம், காய்ந்த சாலையில், ஒன்றரை மணி நேரத்தில். கூரைக்குக் கீழே பாறையில் 3,000-க்கும் மேற்பட்ட தடங்கள், சிலது கோழிக்கால் அளவுக்குச் சின்னது. சுமார் 9.5 கோடி வருடத்துக்கு முன் ஏரிக்கரைச் சேற்றில் ஓடியவை என்று வழிகாட்டி விளக்கினார். மகள் என் பக்கம் குனிந்து, “இதுங்களும் போர்டைப் பார்க்கலை போல, அப்பா” என்றாள்.